முகத்து மங்குக்கு எது சரி: கிரீமா, பீலா, லேசரா?

மாங்காய் பறிக்கும்போது காம்பிலிருந்து வடியும் பால் உதட்டோரத்தில் பட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு எரியும், மறுநாள் பொரியும். பொரிந்தது காய்ந்து உதிர்ந்த பிறகு அந்த இடம் கறுத்து நிற்கும். மாதக்கணக்கில் போகாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து கறுத்துப் போயிருக்கும். முகத்தில் படரும் கறுப்புத் திட்டான மங்குக்குக் கெமிக்கல் பீல், அதாவது அமிலம் பூசி மேல்தோலை உரிய வைக்கும் சிகிச்சை, செய்துகொள்ளலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் நினைவுபடுத்துகிறேன். நம் நிறத்துத் தோல் எந்தப் புண்ணையும் கறுப்பாகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பீல் என்பது டாக்டர் அளந்து செய்கிற ஒரு சின்னப் புண்தான்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். தோல் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்கள் எழுதித் தரும் சீட்டும், சீட்டே இல்லாமல் எதையெதையோ பூசி முகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களும் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். போன ஆடி மாதம் என் சித்தி மகள் கடைக்கு வந்தாள். "அக்கா, தையில தம்பி கல்யாணம். அதுக்குள்ள இந்த மங்கு போகணும். பீல் பண்ணிக்கட்டுமா, இல்ல ஒரேயடியா லேசரே பண்ணிடலாமா?" என்று கேட்டாள். அவளுக்காக விசாரித்ததையும், கூடப் போய்ப் பார்த்ததையும், கடைசியில் எடுத்த முடிவையும் எழுதுகிறேன்.

அவள் முகத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு ஆள் பதில் மாறும். வயது முப்பத்தாறு. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் மங்கு வந்தது. குழந்தைக்கு நாலு வயதாகியும் போகவில்லை. தாடையோரம் அவ்வப்போது பரு, பரு போன இடத்தில் கரும்புள்ளி. வலது கன்னத்து மங்கு இடதைவிடக் கருமையாக இருந்தது. ஏன் என்று ரொம்ப நாள் எங்களுக்குப் புரியவில்லை. அவள் தினமும் கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள். காலையில் வடக்கே போகும்போது கிழக்கு வெயில் வலது கன்னத்தில். சாயங்காலம் தெற்கே திரும்பும்போது மேற்கு வெயில், அதுவும் வலது கன்னத்தில். வருடக்கணக்கில் இரண்டு வேளையும் ஒரே பக்கம் வாங்கியிருக்கிறாள்.

மங்குக்குக் காரணம் மூன்று: வெயில், ஹார்மோன், குடும்ப வாகு. கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் கிளப்பிவிடும், வெயில் அதை அணைய விடாது. அடுப்புச் சூடுகூட சிலருக்கு ஆகாது. இது மறுபடி மறுபடி வருகிற சங்கதி என்பதையும் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே தடவையில் நிரந்தரமாகப் போக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

சரி, எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தது. கிரீமும் சன்ஸ்கிரீனும் ஒன்று. தோல் டாக்டரிடம் பீல். லேசர். அப்புறம் அழகு நிலையமோ ஆன்லைனில் வாங்கும் பாட்டிலோ.

கடைசி வழியை முதலிலேயே முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் அவள் ஏற்கெனவே அடிபட்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அழகு நிலையத்தில் பழ பீல் என்று ஏதோ போட்டுவிட்டார்கள். என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று இவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அப்போது பருவுக்காக ராத்திரி டிரெடினாயின் ஜெல் பூசிக்கொண்டிருந்தாள். அது தோலின் மேலடுக்கை மெலிதாக்கி வைத்திருக்கும். பீலுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதையும் யாரும் விசாரிக்கவில்லை. போதாக்குறைக்கு அன்றைக்கே மேலுதட்டில் வேக்சிங் வேறு. எரிகிறது என்று சொன்னதற்கு, "எரிஞ்சாதான் வேலை செய்யுது" என்று பதில் வந்ததாம். மூன்றாம் நாள் கன்னத்து எலும்பின் மேல் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அது மங்க ஐந்து மாதம் ஆனது.

ஆன்லைன் பாட்டில்களும் இதே ஆபத்துதான். வீட்டில் நாமே பூசிக்கொள்கிற கிளைகாலிக், லாக்டிக் வகை அமிலங்கள் 10 சதவீதத்துக்குள், பி.எச். (இந்த எண் குறையக் குறைய அமிலத்தின் கடுமை கூடும்) 3.5-க்குக் குறையாமல் இருந்தால்தான் பாதுகாப்பு என்று அமெரிக்காவின் அழகுசாதன ஆய்வுக் குழு பல வருடம் முன்பே சொல்லிவிட்டது. ஆனால் 30, 50, 70 சதவீதம் என்று எழுதிய பாட்டில்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. மருத்துவ மேற்பார்வை இல்லாமல் இந்த மாதிரி பீல்களை வாங்கவோ பூசவோ கூடாது என்று 2024 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நானும் அதையேதான் சொல்கிறேன். கண்ணாடி முன்னால் தனியாக நின்றுகொண்டு, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முகத்தில் அமிலம் பூசாதீர்கள்.

மிச்சம் மூன்று வழி. லேசரைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மங்குக்குப் பெரும்பாலும் க்யூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் என்ற லேசரைக் குறைந்த சக்தியில் வைத்து, பல சிட்டிங் செய்வார்கள். சிலருக்கு நன்றாகக் குறைகிறது. ஆனால் நிறுத்திய சில மாதத்தில் திரும்பி வருவது சகஜம். திரும்பும்போது முன்னைவிடக் கருமையாக வருவதும் உண்டு. நிறைய சிட்டிங் ஆனால் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் விழலாம். அவற்றைச் சரிசெய்வது மங்கைப் போக்குவதைவிடக் கஷ்டம். செலவும் பீலைவிட அதிகம், நாங்கள் விசாரித்த இடங்களில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொன்னார்கள். மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் அசையாத மங்குக்கு, இதிலேயே அனுபவப்பட்ட கையில் கொடுத்துப் பார்க்கலாம். முதல் படியாக எடுக்க வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

கிரீம் வழி மெதுவானது, ஆனால் அஸ்திவாரம் அதுதான். மங்குக்கு டாக்டர்கள் அதிகம் எழுதுவது மூன்று மருந்து கலந்த கிரீம்: நிறமியைக் குறைக்க ஹைட்ரோகுவினோன், தோலைப் புதுப்பிக்க டிரெடினாயின், எரிச்சல் வராமலிருக்க லேசான ஸ்டீராய்டு. 1975-இல் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வகுத்த சேர்க்கையிலிருந்து வந்த வழி இது. எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் எட்டு வாரம் என்று எழுதினால் எட்டு வாரம்தான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதோடு நிறுத்துவதில்லை. பற்பசை டியூப்பைச் சுருட்டுவது போல அடியிலிருந்து மூடி வரை சுருட்டிப் பிழிந்த டியூப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதே குடுங்க" என்பார்கள். எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்றால், இரண்டு வருடம். முகம் சிவந்து, தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, கன்னத்தில் பூனைமுடி வளர்ந்திருக்கும். நிறுத்தினால் இரண்டே நாளில் எரிந்து பொரியும். அதனால் மறுபடி அதையே பூசுவார்கள். 2018-இல் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு மருந்துகளின் பூச்சுகளை எச் அட்டவணையில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. அதற்கப்புறமும் இந்த டியூப்கள் எங்கிருந்தோ கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இப்படி மெலிந்த முகத்தில் பீல் போட்டால் அமிலம் எவ்வளவு ஆழம் போகும் என்று யாராலும் கணிக்க முடியாது. வெட்கப்படாமல் டாக்டரிடம் டியூப்பையே எடுத்துக் காட்டுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும் அசெலாயிக் அமில கிரீமைத்தான் டாக்டர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். டிரெடினாயினும் ஹைட்ரோகுவினோனும் அப்போது வேண்டாம். இன்னொன்று, ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் டிரானெக்சாமிக் மாத்திரையை மங்குக்கும் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேராகக் கடைக்கே வந்து கேட்கிறார்கள். பலன் உண்டு. ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் தொடவே கூடாது. சீட்டு இல்லாமல் நான் தருவதில்லை.

சன்ஸ்கிரீனைப் பற்றி என் கடைக்கணக்கு ஒன்று சொல்கிறேன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்குப் போதும். வெயிலில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அப்படிப் பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதம் தாண்டாது. அதே டியூப் மூன்று மாதம் வந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் பூசவில்லை என்றுதான் அர்த்தம். மங்குக்காரர்கள் கொஞ்சம் நிறம் கலந்த சன்ஸ்கிரீனாக வாங்குங்கள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நம் தோலில் நிறமியைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு கலந்த நிற வகைதான் தடுக்கும்.

இனி பீல். பீல் என்றாலே பாம்பு சட்டை உரிப்பது போல முகம் மொத்தமாக உரிந்து, உள்ளேயிருந்து புது முகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆழத்தை வைத்து மூன்று வகை உண்டு. மேலோட்டமானது மேல்தோலோடு நின்றுவிடும். மூன்று நாலு நாள் லேசாகச் செதில் விடும், சிலருக்கு அதுவும் தெரியாது. நடுத்தர ஆழத்துக்கு 35 சதவீத டி.சி.ஏ. என்ற அமிலம் போல ஒன்று வேண்டும், அடித்தோலின் மேல்பகுதி வரை இறங்கும். ஆழமானது ஃபீனால். அது ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம் என்பதால் இதயத்தைக் கண்காணித்துக்கொண்டுதான் செய்வார்கள். வெள்ளைக்காரர்களின் வெயில் சுருக்கங்களுக்கு உண்டான சிகிச்சை அது. நம் தோலில் நிரந்தர வெள்ளைத் திட்டையோ கருந்திட்டையோ விட்டுப் போகலாம். நமக்கு மேலோட்டமான வகை போதும், அதைப் பல தடவையாகச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேலோட்டமான வகைக்குள் எந்த அமிலம் என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. கிளைகாலிக் அமிலம் நெல்லிக்குப்பத்து வயலில் நிற்கும் கரும்பிலும் இருக்கிற அமிலம்தான் (பாட்டிலில் வருவது பெரும்பாலும் ஆலையில் தயாரிப்பது). பழ அமிலங்கள் என்கிற இந்தக் கூட்டத்திலேயே சின்ன மூலக்கூறு அதற்கு. அதனால் வேகமாக இறங்கும், சில இடத்தில் கூடுதலாகவும் இறங்கிவிடும். நேரம் பார்த்து, சோடா மாவுக் கரைசல் போட்டு அடக்க வேண்டும். மங்குக்கு அதிகம் ஆராயப்பட்ட பீல் இதுதான், ஆனால் கை தெளிவாக இருக்க வேண்டும். லாக்டிக் என்பது தயிரின் புளிப்பு. மென்மையானது, வறண்ட தோலுக்கு நல்லது. கசப்பு வாதுமையிலிருந்து வந்த மாண்டெலிக்கின் மூலக்கூறு கிளைகாலிக்கைப் போல இரண்டு மடங்கு கனம். மெதுவாக, ஒரே சீராக இறங்கும் என்பதால் நம் நிறத்துக்கு நிம்மதியானது.

சாலிசிலிக் வேறு குணம். அது எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள்ளேயே போகும். பருவுக்கும் கருமுனைக்கும் (பிளாக்ஹெட்) இதற்கு ஈடாக நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். மங்கு இல்லாமல் பரு மட்டும் உள்ள இருபது வயதுப் பிள்ளைகள் பீலுக்குச் செலவழிப்பதானால் இதற்குச் செலவழிக்கலாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

பரு விட்டுப்போன குழிகளுக்கு மேலோட்டமான பீல் பெரிதாக எதுவும் செய்யாது. அதற்கு நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீடிலிங் உண்டு. ஆழமான ஊசிமுனைக் குழிகளுக்கு மட்டும், கூரான குச்சியால் கடும் டி.சி.ஏ.-வை ஒவ்வொரு குழிக்குள்ளும் தொட்டு வைக்கும் முறையும் உண்டு. குழிக்காக ஆறு சிட்டிங் பீல் பேக்கேஜ் கட்டிவிட்டு வந்து வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே போவது என்றும் யோசித்தோம். கோரிமேட்டில் ஜிப்மரிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. நேரம் உள்ளவர்கள் காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுக் காட்டினால், இது மங்குதானா வேறு ஏதாவதா என்பதாவது தெளிவாகிவிடும். அது முக்கியம், தேமலையும் வேறு கருந்திட்டுகளையும் மங்கு என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. இவளுக்கு வேலை முடிந்து சாயங்காலம்தான் போக முடியும் என்பதால் புதுச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். நான் கேட்கச் சொன்ன கேள்விகள் நான்கு. எந்த அமிலம், எத்தனை சதவீதம்? பூசுவது டாக்டரா, உதவியாளரா? எரிந்து கறுத்தால் யாரைப் பார்ப்பது? என்னென்ன மருந்தை முன்கூட்டியே நிறுத்த வேண்டும்? முகம் சுளிக்காமல் நான்குக்கும் பதில் வந்ததால்தான் அங்கேயே செய்தோம். அவரே திருப்பி நிறையக் கேட்டார்: உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருமா, தழும்பு மேடாக வளருமா, பருவுக்கு ஐசோடிரெடினாயின் மாத்திரை சாப்பிட்டது உண்டா. பழைய கறுப்புப் பட்டையின் கதையைக் கேட்டதும், "அப்போ ஆறு வாரம் கழிச்சுத்தான்மா பீல்" என்றார்.

அந்த ஆறு வாரம்தான் பலர் பொறுக்காத இடம். சன்ஸ்கிரீனும் ராத்திரி கிரீமும் பூசித் தோலைத் தயார் செய்வது, பீலுக்குப் பிறகு கறுக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. வந்த அன்றைக்கே பீல் போட்டு அனுப்புகிற இடம் நம் தோலுக்கு ஏற்றதல்ல.

புரட்டாசிக் கடைசியில் முதல் சிட்டிங், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பருவும் மங்கும் சேர்ந்திருந்ததால் 20 சதவீத சாலிசிலிக், 10 சதவீத மாண்டெலிக் கலந்த பீல். கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் வாசலின் தடவினார்கள். பஞ்சால் முகத்து எண்ணெயைத் துடைத்தார்கள். அவள் கையில் ஒரு குட்டி மின்விசிறியைக் கொடுத்தார்கள். நெற்றியில் தொடங்கி, கன்னம், கடைசியில் மூக்கு என்று பூசிவிட்டு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நிமிடத்துக்கு ஒருமுறை, "பத்துக்கு எவ்வளவு எரியுது?" என்று கேட்டார். நாலு, அப்புறம் ஆறு, அப்புறம் மூன்று. மூக்கின் மேல் உப்புப் பூத்தது போல ஒரு வெள்ளைப் பொடி படிந்தது. எனக்குப் பகீர் என்றது. அது அமிலம் படிகமாக நிற்பதுதான், தோல் வெந்ததல்ல என்றார். துடைத்தால் வந்துவிட்டது. டி.சி.ஏ.-வில் வரும் வெண்மைதான் தோலின் புரதம் உறைந்ததன் அடையாளம், அது துடைத்தால் போகாது. நாலாவது நிமிடம் குளிர்ந்த தண்ணீரால் கழுவி முடித்தார்கள்.

அடுத்த ஒரு வாரம் மஞ்சள் கிடையாது, கடலைமாவு தேய்ப்பது கிடையாது, திரெட்டிங் கிடையாது. செதிலைக் கையால் பிய்க்கக் கூடாது. அவளுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தது வேண்டுமென்றேதான். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் வானம் மூடிக் கிடக்கும். அக்னி நட்சத்திரத்தில் பீல் செய்துகொண்டு ஸ்கூட்டரில் போவது, செய்த வேலையைத் தினமும் அழிப்பதற்குச் சமம். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு சிட்டிங், ஒன்றுக்கு 2,500 ரூபாய் வீதம் பத்தாயிரம். கிரீமும் சன்ஸ்கிரீனும் தனிச் செலவு. மார்கழியில் எதுவும் செய்யவில்லை. விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே பீலை நிறுத்திவிட வேண்டும், ஏதாவது கறுத்தாலும் ஆறுவதற்கு இடம் வேண்டும் அல்லவா? கல்யாணப் பெண்களுக்கும் இதையே சொல்கிறேன். நலங்கு வைக்கும்போது பீல் போட்ட பச்சைத் தோலில் மஞ்சளும் நலங்கு மாவும் தேய்க்கும்படி ஆகிவிடக் கூடாது.

பலன்? தாடைப் பருவும் புள்ளிகளும் ரொம்பவே அடங்கிவிட்டன. மங்கு பாதிக்கு மேல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் வலது கன்னம் தெரிய நின்று படம் எடுத்துக்கொண்டாள். முன்னெல்லாம் இடது கன்னத்தைக் காட்டியே நிற்பாள். இதில் பீலுக்கு எவ்வளவு பங்கு, சன்ஸ்கிரீனுக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டால், மங்கில் பெரும்பங்கு சன்ஸ்கிரீனுக்கும் கிரீமுக்கும், பருவில் பீலுக்கு என்பேன். கையில் பணம் குறைவு, மங்கு மட்டும்தான் என்றால் பீலை விட்டுவிட்டு முதல் இரண்டை ஆறு மாதம் ஒழுங்காகச் செய்யலாம்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி பார்க்கக் காலையிலிருந்து மதியம் வரை நின்றிருக்கிறாள். குடை இல்லை, காலையில் பூசியதோடு சரி. பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தாள். வலது கன்னம் லேசாகக் கறுத்திருந்தது. இன்னொரு பீல் போடலாமா என்று டாக்டருக்கு அங்கேயிருந்தே போன் செய்தாள். புரட்டாசிக்கு வாம்மா, அதுவரை வெயில் படாமல் பார்த்துக்கொள் என்றிருக்கிறார். நிறம் கலந்த சன்ஸ்கிரீன் இரண்டு டியூப் கொடுத்தேன். ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், இன்னொன்றை ஸ்கூட்டர் பெட்டியில் வைக்கப் போனவளைத் தடுத்து, அங்கே வைத்தால் வெயிலில் கெட்டுப்போகும், ஆபீஸ் மேசையில் வை என்று சொல்லி அனுப்பினேன்.